காசு கொடுப்பவருக்கு இரண்டு பூட்டு

இசைக் குறுந்தகடு 1982-இல் கடைக்கு வந்தபோது அதற்கு நாடு என்று ஒன்று இல்லை. லண்டனில் வாங்கிய தகடு மதுரையிலும் பாடும். சோனி செய்த கருவியில் ஓடியது பிலிப்ஸ் செய்ததிலும் ஓடும். ஏறத்தாழ பதினைந்து ஆண்டு கழித்து டிவிடி வந்தபோது உலகத்தை மண்டலங்களாக வெட்டி, ஒரு மண்டலத்தில் விற்ற படம் இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாதபடி செய்தார்கள். இந்தியா ஐந்தாம் மண்டலத்தில் விழுந்தது. இசைத் தகடு அந்த வெட்டிலிருந்து தப்பித்தது. ஆனால் இசையைத் தகடில்லாமல் கோப்பாக விற்கத் தொடங்கிய காலத்தில், தகடு வாங்கியவரிடம் இயல்பாக இருந்த இரண்டு சுதந்திரங்களும் ஒருசேரப் போயின. எந்தக் கருவியிலும் கேட்கலாம் என்பது ஒன்று. எந்த நாட்டுக் கடையிலிருந்தும் வாங்கலாம் என்பது மற்றொன்று. முதலாவது ஆறே ஆண்டில் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டாவது இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைத் தேடிப் போனால், சட்டப்படி காசு கொடுத்து இசை வாங்க நினைப்பவரின் சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை என்பது தெரியும். விற்காமலே தடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கிறது. சிக்கலின் வேர் அதுதான்.

முதல் பூட்டின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் திறந்தது. இரண்டு லட்சம் பாடல்கள்; பாட்டு ஒன்று 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவையில் இலவசமாக இறக்கிப் பழகிய தலைமுறையும், வாங்குவது எளிதாக இருந்தால் காசு கொடுக்கும் என்பதற்கு இது போதுமான சான்று. ஆனால் விற்ற கோப்பு ஒவ்வொன்றிலும் ஃபேர்பிளே என்ற டிஆர்எம் (டிஜிட்டல் உரிமை மேலாண்மை) பூட்டு இருந்தது. கோப்பின் வடிவம் ஏஏசி. அது ஆப்பிளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல, எம்பெக் குழு வகுத்த பொதுத் தரம், எந்த நிறுவனமும் உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம். பூட்டின் சாவியைத்தான் ஆப்பிள் போட்டியாளர்களுக்குத் தரவில்லை. ஆகவே கையடக்கக் கருவிகளில் ஏறத்தாழ ஐபாட் மட்டுமே அந்தப் பாட்டைப் பாடியது. ரியல்நெட்வொர்க்ஸ் 2004 ஜூலையில் ஹார்மனி என்ற மென்பொருளைக் கொண்டுவந்து, தன் கடையில் விற்ற பாட்டு ஐபாடிலும் ஓட வழிசெய்தது. ஆப்பிள் கடுமையாகக் கண்டித்தது. சில மாதங்களில் ஐபாடின் மென்பொருளைப் புதுப்பித்து அந்த வழியை அடைத்தது. எதிர்முகாமில் மைக்ரோசாஃப்ட் 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்' என்ற முத்திரையோடு தன் பூட்டைப் பல கருவி நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் கொடுத்தது. 'நிச்சயம் ஓடும்' என்பது அந்தப் பெயரின் பொருள். அதே மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் வெளியிட்ட ஸூன் கருவியில் அந்த முத்திரை தாங்கிய பாட்டு ஓடவில்லை.

பூட்டின் உண்மையான பொருள் 2008-இல்தான் வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையை மூடி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அந்த ஏப்ரலில், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி தரும் சர்வர்களையும் நிறுத்தப்போவதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. வாங்கிய பாட்டு அன்றைக்கு இருக்கும் கணினியில் ஓடும். புதுக் கணினி வாங்கினாலோ விண்டோஸைப் புதுப்பித்தாலோ ஓடாது. எதிர்ப்பு கிளம்பிய பின் 2011 இறுதிவரை தவணை தந்தார்கள். யாகூவும் அதே ஆண்டு ஜூலையில் இப்படி அறிவித்து, பிறகு வாடிக்கையாளர்களுக்கு ஈடுசெய்தது. வால்மார்ட் அக்டோபரில் சர்வரை நிறுத்துவதாகச் சொல்லி, பாடல்களைத் தகட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறி, பின்னர் முடிவை மாற்றிக்கொண்டது. மூன்று பெரிய நிறுவனங்கள், ஒரே ஆண்டு. இவர்களிடம் ஏமாந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். திருட்டுக் கோப்பு வைத்திருந்த ஒருவருக்கும் ஒரு பாட்டுகூடக் குறையவில்லை. முழு விலை கொடுத்து, முறைப்படி பதிவுசெய்து வாங்கியவர்களே தம் பாட்டுக்கு இன்னொருவரின் சர்வரை நம்பி நின்றார்கள்.

இந்தப் பூட்டு திருட்டைத் தடுக்கத் தேவைப்பட்டது என்பது அன்றைய வாதம். அதற்கான மறுப்பை விற்பவர்களில் ஒருவரே எழுதினார். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரி 6 அன்று வெளியிட்ட திறந்த கடிதத்தில் ஒரு கணக்குச் சொன்னார்: 2006-இல் இணையக் கடைகள் எல்லாம் சேர்ந்து பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு; அதே ஆண்டில் இசை நிறுவனங்களே எந்தப் பூட்டும் இல்லாமல் குறுந்தகட்டில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். பத்தில் ஒன்பது பங்கைத் திறந்த கதவு வழியே அனுப்பிவிட்டு, மீதி ஒரு பங்குக்குப் பூட்டுப் போடுவதால் எந்தத் திருட்டும் நிற்காது. கடிதம் எழுதியவருக்கு அதில் ஆதாயம் இருந்தது என்பதால் கணக்கு பொய்யாகிவிடாது. அடுத்த இரண்டே மாதத்தில் இஎம்ஐ நிறுவனம் பூட்டில்லாமல் விற்க முன்வந்தது. 2007 செப்டம்பரில் அமேசான் பூட்டே இல்லாத எம்பி3 கடையைத் திறந்தது. அன்றைய நான்கு பெரிய நிறுவனங்களில் கடைசியாக சோனி பிஎம்ஜி 2008 ஜனவரியில் இறங்கிவந்தது. 2009 ஜனவரி 6 அன்று ஐட்யூன்ஸும் பூட்டை முழுக்க நீக்குவதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பூட்டில்லாத பிரதியைப் பெறப் பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது ஒரு குறைதான். ஜப்பானில் மட்டும் தாமதம்: அங்குள்ள மோரா கடை 2012 அக்டோபரில்தான் பூட்டைக் கைவிட்டது. மனமாற்றம் எதுவும் இதற்குக் காரணமில்லை. பூட்டு இருக்கும்வரை ஐபாடுக்கு விற்கும் ஒரே கடை ஆப்பிளுடையதாகவே இருக்கும், விலையை ஆப்பிளே தீர்மானிக்கும் என்பதை இசை நிறுவனங்கள் உணர்ந்துகொண்டன. பூட்டைக் கேட்டு வாங்கியவர்களுக்கே அது பாரமானபோது அது விழுந்தது.

வடிவச் சிக்கலில் இன்று மிஞ்சியிருப்பது சிறியது, தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடுவது. எம்பி3-யின் காப்புரிமை உரிமத் திட்டத்தை ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. அதை ஓட்டாத கருவி இன்று அரிது. ஆனால் எம்பி3-யும் ஏஏசி-யும் காதுக்கு எளிதில் எட்டாத ஒலித் தகவலைக் கழித்துக் கோப்பைச் சுருக்குபவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஒவ்வொரு முறையும் மேலும் கொஞ்சம் கழியும். ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். ஐட்யூன்ஸ் பாட்டைத் தகட்டில் எழுதித் திரும்ப எம்பி3 ஆக்கியவர்கள் பூட்டைக் கழற்ற இந்த விலையைக் கொடுத்தார்கள். 2001-இல் வந்த ஃபிளாக் என்ற வடிவம் எதையும் இழக்காமல், குறுந்தகட்டின் ஒலியை ஏறத்தாழ பாதி அளவுக்குச் சுருக்குகிறது. யாருக்கும் கட்டணம் இல்லை. 2024 டிசம்பரில் அது இணையத் தர ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. ஆப்பிள் இதே வேலைக்கு அலாக் என்ற தன் வடிவத்தை 2004-இல் கொண்டுவந்து, 2011-இல் அதன் நிரலைத் திறந்துவிட்டது. ஆப்பிளின் இசைச் செயலி இன்றும் ஃபிளாக்கைத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொள்வதில்லை என்பது எரிச்சலான பிடிவாதம். ஆனால் ஃபிளாக்கை அலாக் ஆக்கும்போது ஒரு துளியும் இழப்பில்லை, இலவச மென்பொருள் சில நிமிடங்களில் செய்துவிடும். ஆகவே இழப்பில்லாத கோப்பு கிடைக்கும் இடத்தில் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். இந்தியாவில் இப்படி மாற்றிக்கொள்ளச் சட்டத் தடை இருப்பதாகவும் அஞ்சத் தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. 2012 திருத்தம் அதை ஒலிப்பதிவுகளுக்கும் நீட்டியது. அதே திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவும் உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. பிரிட்டனில் சொந்தத் தகட்டை நகலெடுக்க 2014 அக்டோபரில் அனுமதி தந்தார்கள். மறு ஆண்டு ஜூலையிலேயே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் மேல்.

இரண்டாவது பூட்டு வேறு வகை. அது கோப்பில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை எழுதி இசையமைத்தவர்களின் உரிமை ஒன்று. அதைப் பதிவுசெய்த நிறுவனத்தின் உரிமை இன்னொன்று. முதலாவதை நாட்டுக்கு ஒரு சங்கம் என்ற கணக்கில் வசூலிக்கிறார்கள்: இந்தியாவில் ஐபிஆர்எஸ், பிரிட்டனில் பிஆர்எஸ், ஜெர்மனியில் ஜெமா, ஜப்பானில் ஜாஸ்ராக். இரண்டாவதைப் பதிவு நிறுவனங்கள் நாடு நாடாகக் கிளைகளுக்கோ வேறு நிறுவனங்களுக்கோ பிரித்துக் கொடுக்கின்றன. தகட்டை அச்சிட்டு லாரியில் ஏற்றிய காலத்தில் அந்தப் பிரிப்புக்குப் பொருள் இருந்தது. உள்ளூரில் அச்சிடவும் விளம்பரம் செய்யவும் உள்ளூர் ஆள் வேண்டும். கோப்புக்கு அச்சகமும் இல்லை, லாரியும் இல்லை. பிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு கண்ணி ஒத்துழைக்காவிட்டால் போதும், அந்த நாட்டில் பாட்டு இல்லை. ஜப்பானில் ஐட்யூன்ஸ் 2005 ஆகஸ்டில் திறந்தும், அந்நாட்டின் சோனி மியூசிக் தன் பாடல்களை அங்கே வைத்தது 2012 நவம்பரில். ஜெமாவும் யூடியூபும் கட்டணத்தில் உடன்படாததால் ஜெர்மானியர்கள் 2009 முதல் 2016 நவம்பர் வரை எண்ணற்ற இசைக் காணொளிகளைப் பார்க்க முடியவில்லை. ஐட்யூன்ஸ் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட பன்னிரண்டு ஆசிய நாடுகளில் 2012 ஜூனில் திறந்தபோது இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்ப் பாடல்கள் பிறக்கும் நாட்டில் அந்தக் கடை டிசம்பரில்தான் வந்தது. தமிழ்த் திரையிசைக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. கேசட் காலத்தில் எழுதிய ஒப்பந்தங்கள் டிஜிட்டல் உரிமையைத் தருகின்றனவா, எந்தெந்த நாடுகளுக்குத் தருகின்றன என்பதே சர்ச்சை. இளையராஜாவுக்கும் எக்கோ, மலேசியாவின் அகி மியூசிக் முதலான நிறுவனங்களுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குகள் இதற்குச் சாட்சி. கேட்பவர் எந்தத் தரப்பும் இல்லை. ஆனால் காத்திருந்தவர் அவரும்தான்.

எல்லையே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பாவில்கூட இந்தப் பூட்டு அசையவில்லை என்பதே அதன் வலிமைக்குப் பெரிய ஆதாரம். ஐட்யூன்ஸ் பிரிட்டனில் பாட்டை 79 பென்ஸுக்கும், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் 99 யூரோ சென்ட்டுக்கும் விற்றது. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் பிரிட்டிஷ்காரருக்கு விலை அதிகம். குறைந்த விலைக் கடையில் அவர் வாங்க முடியாது, ஏனெனில் கடை கடன் அட்டையின் முகவரியைப் பார்த்தது. நுகர்வோர் அமைப்பின் புகாரை ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. 2008 ஜனவரியில் ஆப்பிள் பிரிட்டன் விலையைச் சமன்செய்ய ஒப்புக்கொண்டது, விசாரணை முடிந்தது. ஆனால் எல்லை அப்படியே நின்றது. நாடுவாரியான உரிமங்களால் ஒரே கடை நடத்த முடியவில்லை என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. பத்து ஆண்டுக்கு மேல் கழித்து, 2018 டிசம்பர் 3 முதல், வேறு உறுப்பு நாட்டு வாடிக்கையாளரைக் கடைக்காரர் தடுக்கக் கூடாது என்ற விதிமுறை அங்கே நடைமுறைக்கு வந்தது. செருப்பு வாங்கலாம், குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம். பதிப்புரிமை உள்ள இசைக் கோப்பு, மின்னூல் போன்றவற்றை மட்டும் பிறநாட்டவருக்கு விற்றே ஆகவேண்டும் என்ற கடமையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

இந்த அமைப்பு எல்லாரையும்விடக் கொடுமை செய்வது நாடு மாறுபவருக்கு. கடை நம்மை ஒரு நாட்டுக் கணக்கோடு கட்டிவைக்கிறது. கணக்கின் நாட்டை மாற்ற வேண்டுமானால் மீதிப் பணத்தைச் செலவழிக்க வேண்டும், சந்தாக்கள் முடிய வேண்டும், புதிய நாட்டு அட்டை வேண்டும். பழைய கணக்கில் வாங்கியது புதிய நாட்டுக் கடையில் இல்லாவிட்டால் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து சூரிச்சுக்கும், அங்கிருந்து மறுபடி வேறொரு ஊருக்கும் வாழ்க்கையை நகர்த்துகிற சமூகத்துக்கு இது ஏதோ அரிதான தொல்லை இல்லை. தகடாக இருந்தால் பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருப்பார்கள்.

என் முடிவு இதுதான். ஒரு நாட்டில் ஒரு பதிவை விற்கும் தனியுரிமை பெற்றவர் அங்கே அதை விற்பனைக்கு வைக்கவில்லை என்றால், வேறு நாட்டுக் கடை அந்நாட்டவருக்கு விற்பதைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கக் கூடாது. உரிமைப் பங்கு அவருக்கே போகட்டும், விற்பனை நடக்கட்டும். இது ஆகாயத்திலிருந்து வந்த யோசனை இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, ஒருமுறை வெளியான படைப்பை உரிமையாளர் மறுவெளியீடு செய்ய மறுத்து மக்களுக்குக் கிடைக்காமல் செய்தால், உரிய தொகையோடு வேறொருவருக்குக் கட்டாய உரிமம் தர இடமளிக்கிறது. முன்பு இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் இருந்த அந்த ஏற்பாட்டை 2012 திருத்தம் எல்லாப் படைப்புகளுக்கும் விரித்தது. உரிமை என்பது மக்களிடம் சேர்ப்பதற்கான உரிமை, மறைத்து வைப்பதற்கானது இல்லை என்ற எண்ணம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒரு கேட்பவர் வாங்கும் ஒரு பாட்டு அளவுக்கு இறக்கிக் கொண்டுவருவதே மிச்ச வேலை.

எல்லை போனால் ஏழை நாடுகளில் விலை ஏறும் என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். அதை எளிதாகத் தள்ள முடியாது. இந்தியாவில் ஒரு பாட்டுக்குச் சில ரூபாய் வாங்கும் நிறுவனம், அமெரிக்கர்கள் இந்தியக் கடைக்கு வந்து வாங்கலாம் என்றால் இந்திய விலையை உயர்த்தவே பார்க்கும். ஆனால் நான் சொல்லும் விதி அந்த விலை வேறுபாட்டைத் தொடவில்லை. உள்ளூரில் விற்பனைக்கு இருக்கும் பாட்டுக்கு எல்லை இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளூரில் இல்லாத பாட்டுக்குத்தான் கதவு திறக்கச் சொல்கிறேன். அங்கே பாதுகாக்க எந்த உள்ளூர் விலையும் இல்லை. இன்றைய விற்பனை பூஜ்யம். அவ்வளவு சிரமம் எதற்கு, விபிஎன் போட்டு வேறு நாட்டு முகவரி கொடுத்து வாங்கினால் போகிறது, பணம் கலைஞருக்குத்தானே போகிறது என்பாரும் உண்டு. அவர்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் அவர்கள் கடையின் நிபந்தனையை மீறுகிறார்கள். கண்டுபிடித்தால் கணக்கை முடக்கலாம், அதோடு வாங்கியதும் போகலாம். நேர்மையாகக் காசு கொடுக்க வந்தவரைப் பொய் முகவரி எழுத வைக்கும் ஏற்பாட்டுக்கு, எல்லாரும் பொய் எழுதிக்கொள்ளுங்கள் என்பது தீர்வாகாது.

ஸ்ட்ரீமிங் வந்தபின் வாங்குவது பற்றிப் பேசுவானேன் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வாடகைக்கும் உடைமைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிட்டதாக நினைப்பவர்கள், 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையும் ஜீ மியூசிக்கும் ஒப்பந்தத்தில் உடன்படாததால் அந்த நிறுவனத்தின் பாடல்கள் செயலியிலிருந்து மறைந்ததை நினைவுகூர வேண்டும். சந்தாப் பணம் குறையவில்லை, பாட்டு குறைந்தது. எல்லைகளும் அங்கே அப்படியே உள்ளன. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததே 2019 பிப்ரவரியில், அதுவும் வார்னர் நிறுவனத்தோடு நீதிமன்றப் போராட்டத்தின் நடுவில். கையில் வைத்துக்கொள்ளும் ஆசை செத்துவிடவில்லை என்பதற்கு உள்ளூர் ஆதாரம் ஒன்று உண்டு. சரிகம 2017-இல் 5,000 பழைய பாடல்களை உள்ளே அடைத்து கேரவான் என்ற பெட்டியை விற்றபோது, எல்லாம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்ற காலத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து அதை வாங்கின. இணையம் கேட்காத, யாரும் திரும்பப் பறிக்க முடியாத பாட்டு என்பதுதான் அவர்கள் வாங்கிய பொருள்.

இந்தியர் கோப்புக்குக் காசு கொடுக்கமாட்டார் என்பதற்கு ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட் கடையைக் காட்டுவார்கள். 2012 பிப்ரவரியில் திறந்து, பூட்டில்லாத எம்பி3-களைச் சில ரூபாய்க்கு விற்று, 2013 ஜூனில் அது மூடியது உண்மை. ஆனால் ஆறு ரூபாய்ப் பாட்டுக்கு அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் அடித்துக் காத்திருக்க வேண்டிய காலம் அது. சிறு தொகையைச் செலுத்த எளிய வழி இல்லை என்பதும் அதன் தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்று தள்ளுவண்டிக் கடையில் பத்து ரூபாய்க்கும் யுபிஐ நடக்கிறது. அந்தச் சோதனையை இன்றைய நிலையில் யாரும் செய்து பார்க்கவில்லை.

எல்லையும் பூட்டும் இல்லாமல் விற்கலாம் என்பதற்கு நடைமுறைச் சான்று பேண்ட்கேம்ப். 2008 முதல் கலைஞர்களும் சிறு நிறுவனங்களும் அங்கே தாமே உலகுக்கு விற்கிறார்கள். ஒரே விலையில் எம்பி3, ஏஏசி, ஃபிளாக், அலாக், வேவ் என எந்த வடிவிலும் வாங்குபவர் இறக்கிக்கொள்கிறார். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம், விற்பனை கூடினால் 10. உரிமை ஒரே கையில் இருப்பதால் வரைபடம் தேவைப்படவில்லை. அந்தத் தளம் 2022-இல் எபிக் கேம்ஸ் கைக்கும் 2023-இல் சாங்டிரேடர் கைக்கும் மாறியபோது, எம்எஸ்என் வாடிக்கையாளர்கள் பட்ட பதற்றம் எதுவும் கோப்பை ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களுக்கு வரவில்லை. பெரிய நிறுவனங்களின் பதிவுகளுக்கு இந்த வழி இன்னும் இல்லை. 2007-இல் பிரான்ஸில் தொடங்கிய கோபஸ் அவற்றை உயர்தர ஃபிளாக் கோப்பாக விற்கிறது, ஆனால் குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும். தமிழ்த் திரையிசையின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்கள் உலக உரிமையும் தம்மிடமே உள்ள பதிவுகளில் இதைத் தொடங்கலாம். தம் தளத்திலேயே, எந்த நாட்டு அட்டையையும் யுபிஐயையும் ஏற்று, ஃபிளாக்கிலும் எம்பி3-யிலும் ஒரு பழைய படத்தின் பாடல்களை விற்க எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவர்கள் கோலாலம்பூரிலும் பாரிஸிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள்.